மண்டை ஓட்டையும் போட்டோவையும் பொருத்திப் பார்ப்பது எப்படி: ஒரு கேமராக்காரனின் குறிப்புகள்

நான் எலும்பு படித்தவன் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாக ஐந்து வருடம் போட்டோ கழுவும் ஹைப்போ மருந்தில் கை ஊறியவன். 1983-ல் ஒரு தடய அறிவியல் ஆய்வகத்தில் போட்டோகிராபராகச் சேர்ந்தேன். ஆய்வகத்தின் பெயர் இங்கே வேண்டாம். சேர்ந்த முதல் வாரமே மானுடவியல் பிரிவு மேடம் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு மண்டை ஓடு, பக்கத்தில் ஒரு கல்யாண போட்டோ. "இந்த மாப்பிள்ளைத் தோழன் நிற்கிற அதே கோணத்தில் இந்த ஓட்டைப் படம் எடுக்க முடியுமா?" என்றார். முடியும் மேடம் என்றேன். அன்றைக்குச் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு உறைக்கவே பத்து வருடம் ஆயிற்று.

2017-ல் ஓய்வு பெற்றேன். இப்போதும் முதுகலை மாணவர்கள் சிலர் இந்த சூப்பர் இம்போசிஷன் வேலையை, அதாவது ஓட்டின் படத்தைக் காணாமல் போனவரின் போட்டோமேல் வைத்து அவருடையதாக இருக்குமா என்று பார்ப்பதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் பாடப் புத்தகத்தில் ஓட்டைப் பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது, போட்டோவைப் பற்றி அரைப் பக்கம். என் அனுபவத்தில் தப்பு நடக்கிற இடம் அந்த அரைப் பக்கம்தான். அதனால் இந்தக் குறிப்புகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

முதலில் பெட்டி. காவல் நிலையத்திலிருந்து வருவது பெரும்பாலும் அட்டைப் பெட்டி, அதற்கு மேல் வெள்ளைத் துணி தைத்து அரக்கு முத்திரை. பிஸ்கட் டின்னிலும் வந்திருக்கிறது, உரச் சாக்கிலும் வந்திருக்கிறது. நீதிமன்றக் கடிதத்தில் மாதிரி முத்திரை இருக்கும். அதையும் பெட்டியில் இருப்பதையும் ஒப்பிட்டு, பிரிப்பதற்கு முன்பே ஒரு படம். பிரித்த பிறகு அளவுகோல் வைத்து ஒரு படம். துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல் உதறுங்கள், கழன்ற முன்பல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஒற்றை வேர் உள்ள முன்பற்கள்தான் சுலபமாக விழும். நமக்கு மிகவும் வேண்டியதும் அவைதான்.

டி.என்.ஏ.வுக்கு ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துத் தனியே முத்திரையிட வேண்டுமென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். மெழுகும் களிமண்ணும் என் கைரேகையும் ஓடு முழுக்கப் பட்ட பிறகு கேட்டால் சங்கடம். கையுறை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது மேடத்தின் வேலை, என்னுடையது இல்லை. மனித எலும்புதானா, ஆணா பெண்ணா, வயது சுமாராக என்ன. புருவ மேடு, காதுக்குப் பின்னால் தொங்கும் எலும்பு முனை, முகவாயின் சதுரம், அறிவுப் பல் முளைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். மண்டையின் தையல் கோடுகளை வைத்து வயதைச் சொல்வதை அவர் அவ்வளவாக நம்பமாட்டார். இங்கேயே பாதி வழக்கு முடிந்துவிடும். காணாமல் போனவனுக்கு 22 வயது, ஓட்டிலோ கீழ்க் கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருடமாகிக் குழியெல்லாம் எலும்பு மூடிக் கிடக்கிறது என்றால் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். செத்த பிறகு விழுந்த பல்லின் குழி திறந்தே இருக்கும், விளிம்பு கூராக இருக்கும். உயிரோடு இருக்கும்போது போன பல்லின் குழி மூடி மழுங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் போட்டோகிராபரும் கற்றுக்கொள்வது நல்லது.

போட்டோவைக் கேட்டு வாங்குவது

காவல் ஆய்வாளர் ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார். மறுபடியும் கேளுங்கள். இது பிடிவாதம் இல்லை, கணக்கு. 1994-ல் ஆஸ்டின்-ஸ்மித், மேப்பிள்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அடையாளம் தெரிந்த மூன்று மண்டை ஓடுகளைச் சம்பந்தமே இல்லாத சுமார் நூறு பேரின் படங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். முன்பக்கப் படம் மட்டும் வைத்துப் பார்த்தபோது 8.5 சதவீதம் தவறாகப் பொருந்தின. பக்கவாட்டுப் படம் மட்டும் என்றால் 9.6 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 0.6 சதவீதம்தான். ஒரே படத்தை வைத்துக்கொண்டு "பொருந்துகிறது" என்று எழுதுகிறவர், பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அந்நியரின் ஓட்டைச் சூட்டிவிடக்கூடும்.

பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று இருந்தால் அதற்காக மெனக்கெடலாம். உயிரோடு இருக்கும்போதே வெளியே தெரிகிற ஒரே எலும்புக்கூட்டுப் பகுதி பல்தான். முன்பல் இடுக்கு, ஓரம் உடைந்த பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் மற்ற பொருத்தங்களெல்லாம் அதற்குக் கீழேதான். பழைய நாட்களில் இது கஷ்டம். ஸ்டூடியோவில் யாரும் சிரிக்கமாட்டார்கள், நாங்களே சிரிக்க விடமாட்டோம். இப்போது கைபேசி புண்ணியத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் வேறு வினை வந்துவிட்டது. முகத்தை வழவழப்பாக்கித் தாடையைச் செதுக்கி, கண்ணைப் பெரிதாக்கித் தரும் ஃபில்டர். அந்தப் படத்தை அளந்து எதைக் கண்டுபிடிக்க? அசல் கோப்பு இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்ததா என்று கேளுங்கள். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிய படத்தை யாரோ சாய்வாக நின்று கைபேசியில் எடுத்து அனுப்பியதும் நிறைய வரும். அதில் முகம் ஒரு பக்கம் குறுகியிருக்கும். வாங்கக் கூடாது, அசலைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம் பேனர் படம். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸிலிருந்து முகத்தை மட்டும் கத்தரித்துக் கொண்டுவந்தார் ஒரு ஏட்டு. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் இடத்துக்குத் தகுந்தபடி படத்தை அகலத்தில் இழுத்திருந்தார். அந்த மனிதர் வாழ்ந்த காலத்தில் அவ்வளவு அகலமாக இருந்ததே இல்லை. அடையாள அட்டைகளில் அச்சாகும் படத்தையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவரின் முகம் லென்ஸின் விளிம்பில் பக்கவாட்டில் இழுபடும். நடுவில் நிற்பவர் என்றால் பரவாயில்லை. பழைய ஸ்டூடியோ நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்திருப்பார்கள். நானே செய்திருக்கிறேன், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்: கன்னக் குழி, கண்ணுக்குக் கீழே, தாடைக் கோடு.

இனி என் தப்பு. சேர்ந்து மூன்று வருடம் இருக்கும். ஒரு லாரி கிளீனரின் போட்டோ. மூன்று நாள் முட்டி மோதினேன். முகம் லேசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டை அப்படித் திருப்பினால் கன்ன எலும்பு இடிக்கிறது, மூக்கு வளைவு எதிர்ப்பக்கம் போகிறது. பொருந்தவில்லை என்று எழுதிவிடலாம் என்று மேடத்திடம் சொல்லப் போகிற நேரத்தில், டீ கொண்டுவந்த ஆபீஸ் உதவியாளர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு எந்த டெய்லர் சார் ரைட் சைடுல பாக்கெட் வச்சான்?" என்றார். நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். படம் கண்ணாடி பிம்பம். டார்க் ரூமில் வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவில்லை, டீ கொண்டுவந்தவர் கண்ணில் பட்டது. படத்தைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன், ஒரு மதியத்தில் முடிந்தது. அன்றிலிருந்து முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டையைத்தான் பார்ப்பேன். பாக்கெட் இடப்பக்கம் இருக்கிறதா, முந்தானை இடது தோளில் விழுகிறதா, பின்னால் கடைப் பலகை இருந்தால் எழுத்து நேராக இருக்கிறதா. செல்ஃபியில் இந்த வேலை இரட்டிப்பு, ஏனென்றால் பல கைபேசிகள் படத்தைத் தாமாகவே கண்ணாடி பிம்பமாகச் சேமிக்கின்றன.

எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது?

இதைத்தான் பெரும்பாலோர் விடுகிறார்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பரின் முகத்தை அரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரு படம், மூன்று மீட்டரிலிருந்து ஒரு படம். இரண்டையும் முகம் ஒரே அளவு வரும்படி வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். முதல் படத்தில் மூக்கு வீங்கி, காது கன்னத்துக்குப் பின்னால் பதுங்கி, நெற்றி பின்வாங்கி, வேறு ஆள் மாதிரி இருப்பார். மூக்கு நுனிக்கும் காதுத் துளைக்கும் நடுவே ஆழத்தில் ஏறத்தாழ 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டரில் மூக்கு இருக்கும் தளம் காது இருக்கும் தளத்தைவிட 24 சதவீதம் பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டரில் 8 சதவீதம். மூன்று மீட்டரில் 4 சதவீதம். ஓட்டைத் தவறான தூரத்தில் வைத்து எடுத்தால் அதே ஆளின் ஓடே அவர் முகத்தில் உட்காராது. அதைவிட மோசம், வேறு ஆளின் ஓடு உட்கார்ந்துவிடும்.

85 எம்.எம். லென்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். முகத்தின் விகிதத்தை மாற்றுவது தூரம்தான், லென்ஸ் இல்லை. அந்த லென்ஸ் போட்டதும் நாம் தானாகவே பின்னால் நகர்கிறோம், அதனால்தான் முகம் நன்றாக வருகிறது.

பாஸ்போர்ட் படம் என்றால் நான் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் என்று ஆரம்பிப்பேன், எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் அறையே அவ்வளவுதான். முழு உருவம் தெரிகிற படம் என்றால் மூன்று மீட்டருக்கு மேல். கல்யாண மண்டபமோ ஸ்டூடியோவோ இன்னும் இருந்தால், கேமராக்காரர் நின்றிருக்கக்கூடிய இடத்தைப் போய் அளந்து வருவதில் தப்பில்லை. இரண்டு முறை போயிருக்கிறேன். செல்ஃபி என்றால் கை நீளம். தெரியவே இல்லையென்றால் நாலைந்து தூரங்களில் தனித்தனியாக எடுத்து, எந்தெந்தத் தூரம் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

அளவு

நினைத்த அளவுக்குப் பெரிதாக்கலாம் என்றால் எந்த ஓட்டையும் எந்த முகத்திலும் ஏறக்குறைய உட்கார வைக்கலாம். அதனால் படத்தின் உண்மை அளவைச் சொல்ல முகத்துக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

இதற்கு இன்றும் நல்ல உதாரணம் 1935-ல் நடந்த ரக்ஸ்டன் வழக்குதான். அந்த வருடம் செப்டம்பர் 29-ம் தேதி ஸ்காட்லாந்தில் மொஃபட் என்ற ஊருக்கு அருகே, ஒரு பாலத்துக்குக் கீழே ஓடையில் பொட்டலம் பொட்டலமாக மனித உடல் துண்டுகள் கிடந்தன. இரண்டு பெண்கள். காது, மூக்கு, உதடு, கண் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. செய்தவனுக்கு எதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. பொட்டலம் சுற்றியிருந்த ஒரு செய்தித்தாள், லங்காஸ்டர், மோர்காம் வட்டாரத்தில் மட்டும் விற்ற தனிப் பதிப்பு. அது லங்காஸ்டரில் மருத்துவம் பார்த்துவந்த பக் ரக்ஸ்டன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பம்பாயில் பிறந்த பார்சி அவர். காணாமல் போயிருந்தவர்கள் அவரோடு மனைவியாக வாழ்ந்த இசபெல்லாவும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மேரி ரோஜர்சனும்.

எடின்பரோ உடற்கூற்றுப் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷ் பொருத்திப் பார்த்தார். இசபெல்லாவின் ஒரு ஸ்டூடியோ படத்தில் தலையில் ஒரு கிரீட நகை இருந்தது. அதே நகை கையில் கிடைத்தது. நகையின் உண்மை அளவை வைத்துப் படத்தை உண்மை அளவுக்குப் பெரிதாக்கினார்கள். ஓட்டைப் பார்த்துப் படத்தை இழுக்கவில்லை. இன்னொன்றும் செய்தார்: இரண்டு ஓடு, இரண்டு பெண், ஆக நான்கு ஜோடி. நான்கையும் வைத்துப் பார்த்தார். ஒரு ஓடு இசபெல்லாவோடு போனது, மேரியோடு போகவில்லை. மற்றது மேரியோடு போனது, இசபெல்லாவோடு போகவில்லை. எனக்கு அந்தப் பொருந்தாத இரண்டு படங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. மேரிக்குக் கைரேகை ஆதாரமும் இருந்தது. 1936 மே 12-ல் மான்செஸ்டர் சிறையில் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

நம் ஊர் வழக்குகளில் கிரீடத்துக்கு எங்கே போவது? ஆனால் மூக்குக் கண்ணாடி கிடைக்கும். ஒரு பள்ளி ஆசிரியர் வழக்கில் அவருடைய பழைய கண்ணாடி மேசை இழுப்பறையில் இருந்தது, படத்தில் போட்டிருந்த அதே கண்ணாடி. சட்டத்தின் அகலம் 132 மி.மீ. கண்ணாடி முகத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பதால் அந்த அளவு துளி பெரிதாகப் பதிந்திருக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். சட்டைத் துணியின் கட்டம், பட்டன், சாய்ந்து நிற்கும் கதவின் சட்டம் எதுவானாலும் சரி, முகம் இருக்கும் தளத்துக்கு அருகில் இருந்தால் போதும். எதுவுமே இல்லையென்றால் கண்மணிகளுக்கு இடையே சராசரி 63 மி.மீ. என்று வைப்பார்கள். இது ஆளுக்கு ஆள் 10 மி.மீ. வரைகூட விலகக்கூடியது. வேறு வழியில்லாதபோது மட்டும், அப்படிச் செய்தோம் என்று எழுதிவிட்டு.

ஓட்டை நிறுத்துவது

ஓட்டைத் தொடுவதற்கு முன் போட்டோவில் புள்ளிகளைக் குறித்துவிடுங்கள்: கண்ணின் உள்முனை வெளிமுனைகள், மூக்கின் அடி, மூக்கு இதழ்களின் ஓரம், உதடு சேரும் கோடு, முகவாயின் அடி, காதுத் துளைக்கு முன்னிருக்கும் சின்ன மடல். ஓட்டைப் பார்த்த பிறகு குறித்தால் கை தானாக வசதியான இடத்துக்குப் போகும். என் கையே போயிருக்கிறது.

கீழ்த்தாடையை மாட்டும்போது எலும்போடு எலும்பு முட்டவிடக் கூடாது. உயிருள்ளபோது மூட்டில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருந்தது, அதற்கு ஈடாக இரண்டு மி.மீ. மெழுகு. வாய் மூடியிருக்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருப்பதில்லை. நாக்கை அசைக்காமல் இப்போதே கவனித்துப் பாருங்கள், இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை விடாவிட்டால் முகம் குட்டையாகிவிடும். விழுந்த பற்களை அவற்றின் குழியில் மெழுகு வைத்து நிறுத்துங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள், நாளை இன்னொருவர் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓட்டை ஒரு பந்து மூட்டுத் தாங்கியில் பொருத்துவோம். எங்களிடம் இருந்தது பழைய கேமரா ஸ்டாண்டின் தலையை லேத்தில் கொடுத்து மாற்றியது. காதுத் துளையின் மேல் விளிம்பும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் வருவதுதான் ஃபிராங்க்ஃபர்ட் தளம், 1884-ல் மானுடவியலாளர்கள் ஒத்துக்கொண்டது. அங்கிருந்து மூன்று அசைவு. ஆமாம் என்று தலையாட்டுவது, இல்லை என்று ஆட்டுவது, நம் ஊர்க்காரர்கள் சரி சரி என்று பக்கவாட்டில் சாய்ப்பது. முதலில் இல்லை, அப்புறம் சரி, கடைசியில் ஆமாம் என்ற வரிசையில் போனால் சீக்கிரம் முடியும். மேலும் கீழும் ஆட்டுவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும். காதுக்கும் மூக்கடிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அதற்குத் துப்பு, முடி காதை மூடியிருந்தால் அதுவும் போச்சு. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

நான் சேர்ந்தபோது கேமராவின் தேய்த்த கண்ணாடித் திரையில் போட்டோவின் கோடுகளை வரைந்துவைத்து, அதற்குள் ஓட்டை நகர்த்தி நகர்த்திப் பார்ப்போம். சென்னைத் தடய அறிவியல் துறையை வழிநடத்திய பி. சந்திரசேகரன் இந்த முறையைத் திருத்தி 1971-லேயே அமெரிக்க இதழ் ஒன்றில் கட்டுரை எழுதியிருக்கிறார். ராஜீவ் காந்தி கொலையில் வெடித்தது இடுப்புப் பட்டைக் குண்டு என்று காட்டியவராகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். பிறகு இரண்டு வீடியோ கேமராவும் ஒரு மிக்ஸரும் வந்தன. ஒன்றில் போட்டோ, மற்றதில் ஓடு, மெல்லக் கலந்தால் முகத்துக்குள்ளிருந்து எலும்பு எழுந்து வரும். இப்போது ஓட்டை ஸ்கேன் செய்து கணினியில் சுழற்றுகிறார்கள். சௌகரியம்தான். ஆனால் அங்கேயும் தூரத்தைக் கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதையாவது தட்டிவிட்டு மேலே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதைப் பார்ப்பது

முதல் விதி, எந்த இடத்திலும் எலும்பு தோலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. ஒரு இடத்தில் தாண்டினாலும், கோணமும் தூரமும் சரியென்றால், அத்தோடு முடிந்தது. உள்ளே எவ்வளவு இடம் விடலாம் என்றால், நெற்றியில் 4, 5 மி.மீ., முகவாயில் 10 மி.மீ. அளவுக்கு. கன்னத்தில் ஆளின் எடையைப் பொறுத்தது, அதனால் கன்னத்தை வைத்து வாதாடாதீர்கள். ஒருவர் சாவதற்கு முன் இளைத்திருக்கலாம், போட்டோ பத்து வருடம் பழையதாக இருக்கலாம்.

கண்ணில் ஆரம்பிப்பேன். புருவம் உள்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கண்குழியின் மேல்விளிம்பை ஒட்டிப் போகும், அப்புறம் எலும்பு கீழே வளையப் புருவம் நேராகப் போய்விடும். கண்ணின் வெளிமுனை, கண்குழியின் வெளிச்சுவரில் உள்ளே விரல் வைத்தால் தட்டுப்படும் ஒரு சின்ன மேட்டுக்கு நேராக இருக்க வேண்டும். நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் சேரும் கோட்டுக்குச் சுமார் 10 மி.மீ. கீழே இருக்கும் அது. ஓட்டின் மூக்குத் துளையின் அகலம் மூக்கு இதழ்களுக்கு உள்ளே அடங்க வேண்டும், அந்தத் துளையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முள் மூக்கின் அடிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். காதுத் துளை முன்மடலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். உதடுகள் சேரும் கோடு மேல் முன்பற்களின் கீழ்ப்பாதியில் விழ வேண்டும். கடைசியாக, முகவாயிலும் தாடையிலும் எலும்பின் கோடும் தோலின் கோடும் இணையாக ஓடுகின்றனவா. இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கலாம், ஆனால் உருவம் ஒன்றாக இருக்க வேண்டும். கூர்முகவாய் எலும்பு சதுர முகவாய்க்குள் அடங்கிவிடும், அடங்கியது என்பதால் பொருந்தியது ஆகாது. மேடம் இதற்காகவே என்னை நாலைந்து முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஜெர்மானியர் ரிச்சர்ட் ஹெல்மர் இதில் ஒரு படி மேலே போனார். நாஜி மருத்துவர் மெங்கலேயுடையது என்று சந்தேகித்த எலும்புகளை 1985 ஜூன் 6-ல் பிரேசிலில் எம்பு என்ற ஊரின் கல்லறையில் தோண்டி எடுத்தார்கள். 1979-ல் கடலில் மூழ்கி இறந்தவர், வொல்ஃப்காங் கெர்ஹார்ட் என்ற பெயரில் புதைக்கப்பட்டிருந்தார். ஹெல்மர் உடைந்த ஓட்டை ஒட்டவைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தசையின் தடிமனுக்கு ஏற்ற உயரத்தில் ஊசிகளை நிறுத்தி, வீடியோவில் போட்டோக்களோடு கலந்தார். ஊசி முனைகள் தோலின்மேல் போய் உட்கார்ந்தன. எவ்வளவு அழகான வேலை! அப்படியிருந்தும் சந்தேகம் அடங்கவில்லை. 1992-ல் டி.என்.ஏ. வந்த பிறகுதான் வழக்கு மூடியது.

எழுதுவது

அதனால் அறிக்கையில் "இது இன்னாருடைய மண்டை ஓடு" என்று எழுதாதீர்கள். பொருந்தவில்லை என்றால் தைரியமாக எழுதலாம். பொருந்தினால், "இவருடையதாக இருக்கக்கூடும்" என்பதற்கு எவ்வளவு பலம் என்று மட்டும் எழுதுங்கள். ஐரோப்பாவில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நடத்திய மெப்ராக்ஸ் திட்டமும் பலமான ஆதரவு, மிதமான ஆதரவு, குறைந்த ஆதரவு என்று படிகளாகத்தான் எழுதச் சொல்கிறது. எத்தனை படம், எந்தத் தூரம், அளவு எதிலிருந்து எடுத்தது, எந்தப் புள்ளி தெரியவில்லை, எல்லாம் வர வேண்டும். நிபுணர் கருத்துக்கு முன்பு சாட்சியச் சட்டத்தின் 45-ம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 39. எண் மாறினாலும் குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் கேள்வி மாறவில்லை: "இதே முகத்தில் வேறு ஒரு மண்டை ஓடு பொருந்தாது என்று உங்களால் சொல்ல முடியுமா?" முடியாது என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் உங்கள் அறிக்கை நிற்கும், அப்படி எழுதியிருந்தால்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கம். மகன் காணாமல் போய் ஏழு மாதம். கிணற்றில் எடுத்த ஓடு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம், மூத்த மகள் கல்யாணத்தில் எடுத்தது. காவலரோடு அவரே வந்திருந்தார், வர வேண்டிய அவசியமில்லை. "போட்டாவத் திருப்பிக் குடுத்துடுவீங்களா சார்?" என்றார். குடுத்துடுவோம்மா என்றேன். பொருந்தவில்லை. தாடை ஒரு பக்கம் வெளியே நின்றது, தூரத்தை எப்படி மாற்றினாலும் நின்றது. முடிவை நாங்கள் வீட்டாரிடம் சொல்லக் கூடாது, கோர்ட்டுக்குத்தான் போகும். இருந்தாலும் அடுத்த மாதம் கேள்விப்பட்டு வந்துவிட்டார். "அப்ப எம்புள்ள இருக்கானா சார்?" என்று கேட்டார். மேடம் அவருக்கு நாற்காலி போட்டு, "இது உங்க பையன் இல்லம்மா, அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார். அந்த அம்மா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

வேலை முடிந்ததும் மெழுகையெல்லாம் எடுத்துவிட்டுத் தாடையைத் தனியாகப் பஞ்சில் சுற்றுங்கள். பற்கள் தனிக் கண்ணாடிக் குப்பியில், எந்தப் பல் எந்தக் குழி என்று எழுதி. போட்டோவின் பின்புறம் எதுவும் எழுதக் கூடாது, பின் குத்தக் கூடாது, அச்சின்மேல் டேப் ஒட்டக் கூடாது. வந்த உறையிலேயே போட்டு, மேலே இன்னொரு உறை, ஆய்வக முத்திரை. ஓட்டோடு ஒரே பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். தனிப் பொட்டலமாகக் கொடுத்து, எடுத்துப் போகிறவரிடம் தனிக் கையெழுத்து வாங்குங்கள்.